சட்டமன்றம் வருடத்துக்கு எத்தனை நாள் கூட வேண்டும்?

ஊருக்கு பஸ் வரவில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. இதையெல்லாம் அமைச்சரிடம் நேருக்கு நேர் கேட்கத்தான் எம்.எல்.ஏ-வைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். கேட்கும் இடம் சட்டமன்றம். அது வருடத்துக்குக் குறைந்தது எத்தனை நாள் கூட வேண்டும் என அரசியலமைப்புச் சட்டத்தில் தேடினால், பதில் கிடைக்காது.

174-வது பிரிவு சொல்வது ஒன்றுதான். ஒரு கூட்டத்தொடரின் கடைசி நாளுக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளுக்கும் இடையே ஆறு மாத இடைவெளி விழக் கூடாது. அதாவது, கெடுவுக்குள் ஒரே ஒரு நாள் கூடிக் கலைந்தாலும் போதும்.

கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24-ல் முடிந்த தமிழகச் சட்டமன்றக் கூட்டம், கெடு நெருங்கிய பிறகு செப்டம்பர் 14-ல் கலைவாணர் அரங்கத்தில் மீண்டும் கூடியது. மூன்றே நாள்கள். ஹரியானாவில் 2024 மார்ச்சுக்குப் பிறகு சட்டமன்றம் கூடவே இல்லை. செப்டம்பரில் கெடு வந்தபோது, தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த நிலையில், சபையையே கலைத்துவிட்டார்கள்.

நாள்கள் குறைந்தால் என்ன நஷ்டம்? 2024 ஜூனில் தமிழகத்தில் துறைவாரியான மானியக் கோரிக்கை விவாதங்களைக் காலை, மாலை என இரு வேளையும் நடத்தி, பத்து நாள்களுக்குள் முடித்தார்கள். கோடிக்கணக்கான ரூபாய் செலவாகும் துறைகள் அவை. ஒவ்வொன்றையும் அலசிக் கேட்க நேரம் ஏது?

இதற்குத் தீர்வு எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசியலமைப்புச் சட்ட மறுஆய்வு ஆணையம், 70 உறுப்பினர்களுக்குக் குறைவான சட்டமன்றங்கள் வருடத்துக்கு 50 நாள்களும், மற்றவை 90 நாள்களும் கூட வேண்டும் என 2002-ல் பரிந்துரைத்தது. 234 பேர் கொண்ட நம் சபைக்கு 90 நாள். 2021 தேர்தலில் தி.மு.க. இன்னும் ஒருபடி மேலே போய், 100 நாள் என்று வாக்குறுதி தந்தது. ஆட்சிக்கு வந்த பின் ஒரு வருடம்கூட அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

'எம்.எல்.ஏ தொகுதியில் இருக்க வேண்டாமா?' என்ற கேள்வி நியாயமானதே. 90 நாள் போனாலும் தொகுதிக்கு 275 நாள் மிச்சம் இருக்கிறது.

சபையைக் கூட்டுபவர் ஆளுநர் என்றாலும், தேதியை முடிவுசெய்வது அமைச்சரவைதான். பதில் சொல்ல வேண்டியவர்களே, கேள்வி கேட்கும் நாளையும் குறிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இருப்பதுபோல, குறைந்தபட்ச நாள்களைச் சட்டமாக்கி, வருடத் தொடக்கத்திலேயே காலண்டர் வெளியிட்டால் இந்த வசதி போய்விடும். அதனால்தான் எதிர்க்கட்சியாக இருக்கும்போது இதைக் கேட்பவர்கள், ஆளுங்கட்சியானதும் மறந்துவிடுகிறார்கள்.