மின்னல் குறி இருக்கா, பாருங்க!

அப்பாவுக்கு ராஜபாளையம் நூற்பாலையில் வேலை. மகன் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்லூரியில் படிக்கிறான். வி.ஆர். ஹெட்செட் மேல் ஆசை. அம்மாவின் சீட்டுப் பணம் வந்ததும், கையிலிருக்கும் லேப்டாப்புக்கு வெளியே மாட்டும் கிராபிக்ஸ் கார்டு பெட்டி வாங்கலாம் என்பது திட்டம். "ஏம்ப்பா, அது நம்ம லேப்டாப்ல வேலை செய்யுமா?" என்கிறார் அப்பா. சரியான கேள்வி!

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்டர்போல்ட் போர்ட் வேண்டும். சாதாரண யு.எஸ்.பி.-சி போர்ட்டும் பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். கேபிள் பொருந்தும், கார்டு வேலை செய்யாது. போர்ட் பக்கத்தில் சின்ன மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலும் உறுதி செய்யுங்கள்.

அடுத்தது வேகம். தண்டர்போல்ட் 3, 4 கேபிளில் போவது நொடிக்கு அதிகபட்சம் 40 ஜிகாபிட். டெஸ்க்டாப்பில் கார்டுக்கு 16 பாதைகள் என்றால், இங்கே 4 தான். அதனால் அதே கார்டு இங்கே கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். பல ஹெட்செட்டுகளுக்கு நொடிக்கு 90 படங்கள் தேவை. அது குறைந்தால் தலைசுற்றும், குமட்டும்.

பல பெட்டிகள் கார்டு இல்லாமல்தான் வரும். கார்டுக்குத் தனிச் செலவு. லேப்டாப்பையே புதிதாக வாங்குவதாக இருந்தால், நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் மாடல்தான் லாபம்.

பால்கோவாவையே ருசி பார்த்துத்தான் வாங்குகிறோம். கடைக்கு லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். மாட்டி, ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.