ஒப்பிடாதே என்கிறார்கள்!

"எது உண்மையான இராமாயணம், ஐயா?" என்று வகுப்பிலே கேட்டான் ஒரு மாணவன். ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று நம்பியிருப்பவனுக்கு இந்தக் கேள்வி பிறக்காது. இரண்டைப் பார்த்துவிட்டவன் கேட்கும் கேள்வி இது. ஒப்பிலக்கியத்தின் வாயிற்படியும் இதுதான்.

இந்தக் கேள்விக்குத்தான் டில்லியிலே அஞ்சினர், தோழர்களே!

மைசூரிலே பிறந்து சிகாகோ பல்கலைக் கழகத்திலே பணியாற்றிய ஏ. கே. இராமானுசன் தீட்டிய 'முந்நூறு இராமாயணங்கள்' எனும் கட்டுரையை, டில்லிப் பல்கலைக் கழகம் வரலாற்றுப் பட்ட வகுப்பிற்குப் பாடமாக வைத்திருந்தது. 2008இல் ஒரு கும்பல் வரலாற்றுத் துறைக்குள்ளே புகுந்து உடைத்தது. பின்னர் அறிஞர் நால்வரைக் கருத்துக் கேட்டனர். மூவர் பாடம் இருக்கட்டும் என்றனர், ஒருவர் மறுத்தார். 2011 அக்டோபரிலே கல்விக் குழு பாடத்தை நீக்கிற்று! மூன்றினும் ஒன்று பெரிதாம். என்னே கணக்கு! என் வகுப்பிலே இப்படிக் கணக்கிடும் பையனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

அப்படி என்ன நஞ்சு இருந்தது அதிலே? வசைமொழி ஒன்றில்லை. அருகருகே வைத்துக் காட்டினார், அவ்வளவே. அகலிகை கல்லானாள் என்பர் நம் பாட்டிமார், கம்பனிலே கல்தான். வால்மீகியிலோ கல் இல்லை. காற்றையே உணவாக்கி, சாம்பலிலே கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் இருக்கிறாள். சமணப் புலவர் விமலசூரி, பத்துத் தலையையே ஏற்கவில்லை! மணிமாலையிலே முகம் ஒன்பது முறை தெரிந்ததால் வந்த பெயராம் அது. அவர் நூலிலே இராவணனை வீழ்த்துபவன் இராமனல்லன், இலக்குவன். தாய்லாந்திலோ அனுமனுக்கு மனைவியர் பலர்!

இவற்றை ஒருசேரப் பயிலும் இளைஞன், கதை வானத்திலிருந்து விழவில்லை, மனிதர் செய்தது என்று காண்கிறான். யார் செய்தது, எப்போது, எவர் கேட்க என்று வினவுகிறான். வினவுவோனைக் கண்டால் பழமைக் காவலருக்கு நடுக்கம்!

நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு, கசக்கும். சங்கப் பாட்டுக்கு உலகிலே ஈடில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம், வேற்றுமொழிப் பாட்டு ஒன்றையும் திறவாமலே! ஈழத்துக் கைலாசபதி, அப்பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு 1968இல் ஆங்கிலத்திலே நூல் தந்தார். பாணர் வாய்மொழியாய்ப் பாடிய மரபு என்றார். ஏற்கலாம், மறுக்கலாம், மறுப்பதற்கேனும் ஹோமரைப் படித்தாக வேண்டுமே!

அந்த மாணவனுக்கு நான் விடை கூறவில்லை. கம்பனையும், தமிழிலே பெயர்க்கப்பட்ட வால்மீகியையும் கொடுத்திருக்கிறேன். அகலிகையிலிருந்து தொடங்கச் சொன்னேன்.