பழையபடி எப்போது?

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து குருவிநத்தத்திற்கோ பாகூருக்கோ திரும்புகிறவரை வீட்டு வாசலிலேயே ஒரு கேள்வி எதிர்கொள்கிறது: “பழையபடி எப்போது நடப்பீர்கள்?” அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும் அது நோயாளியின் மனத்தில் சுமையாகவே இறங்குகிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜனை நினைத்துப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் இறுதியில், முதலில் வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகத் தேர்வாகி, இந்திய அணியுடன் ஆஸ்திரேலியா சென்றார். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற, அந்த ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் களமிறங்கினார். 2021 ஜனவரியில் இந்தியா வென்ற பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஏப்ரலில் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கு முன் நான்கு மாதங்களுக்குள் ஆடிய 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 இருபது ஓவர் ஆட்டங்களோடு அவருடைய இந்திய அணி வாழ்வு நின்றது.

அவர் நலம்பெறவில்லை என்று இதனால் சொல்லலாமா? 2024 ஐ.பி.எல். தொடரில் ஐதராபாத் அணிக்காக 19 விக்கெட்டுகள் எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டே தம் ஊரில் இளைஞர்களுக்காக ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் திறந்திருந்தார். இழந்த இடம் திரும்பவில்லை. பயனுள்ள வாழ்வு திரும்பியது.

எனவே, குடும்பத்தார்க்கு எங்கள் வேண்டுகோள் இது. இன்றைய நிலையை நோய்க்கு முந்தைய நாளோடு ஒப்பிடாதீர்கள். சென்ற வாரத்தோடு ஒப்பிடுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, துணையின்றி எத்தனை அடி நடக்க முடிகிறது என்பதைக் குறித்து வையுங்கள். ஒரு நாள் வீக்கம் கூடினால் மனம் தளர வேண்டாம்; இயன்முறை மருத்துவரைக் கேட்டுப் பயிற்சியின் அளவை மாற்றிக்கொள்ளலாம். பரிவு மிகுந்து நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பது தசையைத் தளரச் செய்யும். காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

“பழையபடி எப்போது?” என்பதை விடுத்து, “இன்று என்ன செய்ய முடிந்தது?” என்று கேளுங்கள். அதற்கு நோயாளியால் தலைநிமிர்ந்து விடை சொல்ல முடியும்.