குளத்தைத் திறந்ததாகத் தீர்மானம் போட்டால் போதுமா? - கட்டற்ற மென்பொருளும் சாதியும்

2012இல் அரசுக் கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. திண்டிவனம் பக்கம் எங்கள் காலனிக்குள் வந்த முதல் கணினி அதுதான். அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்ததும் அம்மா கேட்டார்: “இத திருப்பிக் கேப்பாங்களா?” இல்லை என்றேன். “மாசாமாசம் எதுனா கட்டணுமா?” அதற்கும் இல்லை என்றேன். அதன் பிறகுதான் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று எல்லோரும் பழகிய, கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய இயங்குதளம். இன்னொன்று லினக்ஸ். வகுப்பில் பலரும் முதல் வாரத்திலேயே லினக்ஸை அழித்துவிட்டு இடத்தை மிச்சம் பிடித்தார்கள். நான் அழிக்கவில்லை. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. ஜெராக்ஸ் கடையிலிருந்து பென் டிரைவில் வந்த வைரஸ் ஒரு பக்கத்தை முடக்கிப் போட்டது. ஆன்ட்டிவைரஸ் வாங்கக் காசில்லை. மிச்சம் இருந்தது லினக்ஸ் மட்டும்தான்.

ஆறு மாதம் கழித்து, நான் தினமும் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் தமிழ்ப் பட்டியலில் ஒரு சொல் பிழையாக இருப்பதைப் பார்த்தேன். விடுதியில் இருந்த ஒரு அண்ணன் அதை எப்படித் திருத்தி அனுப்புவது என்று சொல்லிக்கொடுத்தார். அனுப்பினேன். அடுத்த பதிப்பில் என் திருத்தம் இருந்தது. அதை அனுப்பியவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் விமர்சிக்கப்போவதும் அந்த உலகத்தைத்தான் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் ஒரு அச்சு இயந்திரத்தில் தொடங்கியது என்று சொல்வார்கள். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்றில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டது. அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் நிரலைக் கேட்டார். நிரல் கையில் இருந்தவர், ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், தர முடியாது என்று மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், அதன் நிரலைப் படித்து மாற்றலாம், மற்றவர்களுக்குப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். இந்த நான்கும் பயனரின் உரிமை என்றார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் இந்த உரிமத்தின் கீழ்தான் உலகெங்கும் பரவியது. இன்று நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் அதுதான் ஓடுகிறது.

படிப்பதற்கே தடை என்பது நமக்குப் புதிதல்ல. வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். ஒரு நிறுவனம் தன் நிரலைப் பூட்டி வைப்பதும் தீண்டாமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தீண்டாமையைச் சிறிதாக்குவது. ஆனால் அறிவைச் சிலரிடம் பூட்டிவைத்தால் மற்றவர்கள் அவர்களையே சார்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் உண்டு. அதனால்தான் அறிவைப் பொதுவாக்கு என்ற குரல் எங்கிருந்து வந்தாலும் நம் காதில் விழுகிறது.

அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு என் மாமா மகனின் கடையைச் சொல்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், சென்னை ரிச்சி தெருவில் நின்று நின்றே தொழில் கற்றவன். இப்போது ஊரில் செல்போன் பழுது பார்க்கிறான். ஒரு பெரிய நிறுவனத்தின் போனில் உடைந்த திரையை எடுத்துவிட்டு, அதே நிறுவனத்தின் இன்னொரு போனில் இருந்து கழற்றிய அசல் திரையைப் பொருத்தினான். போன் வேலை செய்தது. ஆனால் இந்தத் திரை அசலா என்று உறுதிசெய்ய முடியவில்லை என ஒரு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று, “டூப்ளிகேட் போட்டு ஏமாத்திட்டியா” என்று சத்தம் போட்டார். எந்தத் திரை எந்தப் போனுக்கு என்பதை நிறுவனத்தின் மென்பொருள் தீர்மானிக்கிறது. கைத்தொழில் தெரிந்தவன் திருடன் ஆகிறான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இப்படி உதிரி பாகங்களைப் பூட்டுவதை 2024இல் சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கே ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது. சட்டம் இன்னும் இல்லை. அம்மா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இன்றைய போனை வைத்துப் பதில் சொல்வதென்றால் எனக்கு வாய் வராது. காசு கொடுத்து வாங்கிய பொருளே முழுதாக நம்முடையது இல்லை.

இதுவரை சொன்னதை எந்தக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் ஒப்புக்கொள்வார். இனிமேல்தான் சிக்கல்.

முதுகலை படித்தபோது ஒரு நகரத்தில் நடந்த கட்டற்ற மென்பொருள் பயிலரங்குக்குப் போனேன். காலையில் அறிவுச் சுதந்திரம் பற்றி அருமையாகப் பேசினார்கள். மதியம் சாப்பாடு. சைவம் மட்டும்தான், அது ஏன் என்று கேட்பதற்கே இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்த மூத்த நிரலாளர் அன்பாகத்தான் விசாரித்தார். எந்த ஊர் தம்பி? சொன்னேன். ஊருக்குள்ளேயா, கொஞ்சம் தள்ளியா? நான் பதில் சொல்லத் தயங்கிய அந்த இரண்டு நொடியில் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. பிறகு அவர் மோசமாக எதுவும் பேசவில்லை. பேசவே இல்லை. பிற்பகல் அமர்வில் குழு பிரித்தபோது என்னை யாரும் கூப்பிடவில்லை. நிரல் திறந்துதான் இருந்தது. நான் நான்கு மணி பேருந்தில் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தப் பேருந்தில் எனக்கு மகாத் நினைவுக்கு வந்தது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923இல் நிறைவேறியது. 1924இல் மகாத் நகராட்சியும் தன் சௌதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தண்ணீர் நம் மக்களுக்குக் கிடைக்கவில்லை. குடித்தவர்களை ஊர் கூடி அடித்தது. குளத்தில் சாணமும் மூத்திரமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றத்தில் உரிமை உறுதியாக 1937 ஆயிற்று.

திறந்த மூல உரிமம் என்பது 1924ஆம் ஆண்டுத் தீர்மானம் போன்றது. அது தேவைதான். அது இல்லாமல் 1927 இல்லை. ஆனால் உரிமம் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், குளக்கரையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதே இல்லை.

கரையில் நிற்பது பெரும்பாலும் ‘தகுதி, திறமை’தான். இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் அதே சொல். திறந்த மூல உலகில் அது பெருமைக்குரிய கொள்கை. நிரல்தான் பேசும், ஆள் யாரென்று பார்க்க மாட்டோம் என்பார்கள். கிட்ஹப் நிறுவனம் தன் அலுவலகத்தில் தகுதியின் ஆட்சியைப் போற்றும் வாசகத்தோடு ஒரு கம்பளமே விரித்து வைத்திருந்தது. விமர்சனங்களுக்குப் பிறகு 2014இல் அதை எடுத்துவிட்டது. மொசில்லா 2018இல் தன் நிர்வாக ஆவணங்களில் இருந்து அந்தச் சொல்லையே நீக்கியது. மேற்கில் அவர்கள் இதைப் பாலினம், நிறம் சார்ந்து யோசித்தார்கள். நம் ஊர்த் தொழில்நுட்பக் குழுக்களில் அதே சொல் இன்னும் அப்படியே புழங்குகிறது.

நேர்காணலில் “உங்கள் கிட்ஹப் பக்கத்தைக் காட்டுங்கள்” என்கிறார்கள். சம்பளம் இல்லாமல் மாலை நேரங்களில் எழுதிய நிரல் அங்கே இருக்க வேண்டும். என் மாலை நேரங்கள் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுவதில் போயின. ஒரு இரவுக்குக் கிடைத்த பணம் விடுதிக் கட்டணத்துக்கு. அதே நேரத்தில் வீட்டில் இணைய இணைப்பும், ஆங்கிலம் பேசும் பெற்றோரும், சந்தேகம் கேட்க ஐடி வேலையில் இருக்கும் சித்தப்பாவும் வாய்த்த ஒருவர் முந்நூறு பங்களிப்புகள் செய்திருப்பார். அவருடைய உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோலை வைத்துவிட்டு, எங்களுக்குச் சாதி தெரியாது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

சாதி தெரியாது என்ற பேச்சு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கிறது. 2020 ஜூனில் தலித் பொறியாளர் ஒருவர் மீதான சாதிப் பாகுபாட்டுக்காக கலிபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2023இல் தனிப்பட்ட இரண்டு பொறியாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறை கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. 2022இல் கூகுள் ஊழியர்களிடம் சாதி பற்றித் தேன்மொழி சௌந்தரராஜன் பேசவிருந்த நிகழ்ச்சி, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. உலகின் தகவல்களையெல்லாம் எல்லோருக்கும் எட்டச் செய்வதே தன் பணி என்று சொல்லும் நிறுவனத்தில் ஒரு உரையைக் கேட்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது முதல் உரிமை. எந்த நோக்கத்துக்கும் என்றால் சாதியைக் காப்பாற்றும் நோக்கத்துக்கும்தான். 2024 மார்ச்சில் சொமேட்டோ சைவ உணவுக்கென்று தனி விநியோகப் படையை, பச்சைச் சீருடையோடு அறிவித்தது. கண்டனம் எழுந்ததும் மறுநாளே பச்சைச் சீருடையைக் கைவிட்டது. தனிப் படையைக் கைவிடவில்லை. யார் பையில் என்ன உணவு என்பது இனி தெருவில் தெரியாது, செயலிக்குள் மட்டும் தெரியும். தீட்டு, மென்பொருளின் ஒரு தெரிவாக மாறிவிட்டது. சாதிக்கு ஒன்றாக இருக்கும் திருமண இணையதளங்களும் இப்படித்தான். இன்று இணையத்தில் எதைக் கட்டினாலும் அடித்தளத்தில் திறந்த மூல நிரல் ஏதாவது இருக்கும். நிரல் திறந்திருப்பதால் மட்டும் அதைக் கொண்டு கட்டப்படும் வீட்டின் கதவு திறந்திருக்காது.

அப்படியானால் இது நமக்கு வேண்டாத வேலையா? சில தோழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். “சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத ஊரில் லினக்ஸ் பேசுகிறாயே” என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கோபம். ஆனால் நூறு நாள் வேலை வருகைப் பதிவும், ரேஷன் கடை விரல் ரேகையும், கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் மென்பொருளுக்குள் போய்விட்டன. விரல் ரேகை விழவில்லை என்று அரிசி மறுக்கப்படும்போது, அந்த மென்பொருள் எப்படி முடிவெடுத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டாமா? சுடுகாட்டுப் பாதை போலத்தான் இதுவும். பொதுப்பணத்தில் போட்டது, பொதுவாக இருக்க வேண்டும்.

அரசு நினைத்தால் செய்யலாம் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது 2007 வாக்கில் அந்த நிறுவனத்தின் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. அதே அதிகாரி 2010இல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டிப் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். தலித் இயக்கங்கள் உட்படப் பலரும் எதிர்த்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கேரளம் தன் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோய், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இன்றுவரை நடத்துகிறது. நாம் மடிக்கணினி கொடுத்தோம். அதில் இருந்த லினக்ஸை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆளை அனுப்பவில்லை.

எனவே என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. மக்கள் பணத்தில் எழுதப்படும் மென்பொருளின் நிரல் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இணையத்தோடு கணினி அறையும், கற்றுக்கொடுக்க ஒருவரும் வேண்டும். திறந்த மூலத்தில் பங்களிக்கும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு உதவித்தொகை வேண்டும். ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கு மட்டுமான சுதந்திரம் எங்களுக்குப் போதாது.

கடைசியாக, நிரல் எழுதும் தோழர்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று. பல திறந்த மூலத் திட்டங்கள் ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற நடத்தை நெறியைப் பின்பற்றுகின்றன. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியல் அதில் உண்டு. 2021இல் வந்த 2.1ஆம் பதிப்பில்தான் ‘சாதி’ என்ற சொல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. லினக்ஸ் கருநிரல் 2018இல் தழுவிக்கொண்டது பழைய 1.4ஆம் பதிப்பை. அதில் சாதி இல்லை. நீங்கள் இருக்கும் குழுவின் நெறி எந்தப் பதிப்பு என்று திறந்து பாருங்கள். சாதி இல்லையென்றால் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துத் திருத்தம் அனுப்புங்கள். “நம் குழுவில் அதெல்லாம் இல்லையே, எதற்கு இது?” என்று யாராவது கேட்பார்கள். யார் கேட்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலும் சொல்லுங்கள். நான்கு மணி பேருந்தில் ஏறியவர்கள் அதைப் படித்தாவது திரும்பி வரக்கூடும்.