வாடிய தக்காளியின் மண்ணைக் கைமாற்றாதீர்கள்!

அல்சூர் மாடித்தோட்டத் தோழர்களே! நாளை உச்சிவெயிலில் ஒருமுறை மொட்டைமாடிக்கு ஏறித் தக்காளித் தொட்டிகளைப் பாருங்கள். பகலில் தலை தொங்கி மாலையில் நிமிரும் செடி இருக்கிறதா? அடி இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகின்றனவா? தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றிவிடாதீர்கள். பியூசேரியம் என்ற பூசணம் வேர் வழியே ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

மிகவும் வாடிய செடியைப் பிடுங்கி அடித்தண்டை நீளவாக்கில் கீறுங்கள். பட்டைக்குள் பழுப்புக் கோடு ஓடினால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் பாக்டீரியா வாடலிலும் தண்டு பழுப்பாகும். அதனால் தண்டுத் துண்டொன்றைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை இழை கசிந்து இறங்கினால் பாக்டீரியா. தண்ணீர் தெளிவாகவே இருந்து, இலைகளும் மெல்ல மெல்ல மஞ்சளாகியிருந்தால் பெரும்பாலும் பூசணம். இதைப் பிரித்தறியாமல் விதை வாங்காதீர்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி ரகம் பாக்டீரியா வாடலைத் தாங்கும். பியூசேரியத்துக்கு அதை நம்பி நிற்க முடியாது.

வாடிய செடியை மீட்கும் மருந்து கிடையாது. வேரோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மட்குத் தொட்டியில் போடவே கூடாது. அந்த மண்ணில் பூசணம் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். நாற்று, மண், மட்கு, கொத்து எல்லாவற்றையும் நாம் அன்போடு பகிர்ந்துகொள்கிறோம். சோமேஸ்வரர் கோயில் பக்கத்து மாடியின் மண் ஏரிக்கரை மாடிக்குப் போனால் நோயும் கூடவே போகும்.

அந்தத் தொட்டியில் இனி தக்காளி வேண்டாம். கீரையோ அவரையோ போடுங்கள். மண்ணை மீண்டும் தக்காளிக்கே பயன்படுத்தியாக வேண்டுமானால் நனைத்து, கண்ணாடித்தாள் போன்ற பாலிதீனால் இறுக மூடி, ஏப்ரல், மே வெயிலில் நாலைந்து வாரம் விடுங்கள். பிறகு தொழுஉரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் வைத்து, நடுமுன் இடுங்கள். மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு சேருங்கள். யூரியாவைக் குறையுங்கள், அது இந்த நோய்க்குத் துணைபோகும். சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டிய தக்காளி நாற்று கிடைத்தால் விடாதீர்கள்.

பழுப்புக் கோடு கண்டவர்கள் மறைக்காதீர்கள், தோழர்களே. உங்களிடம் நாற்றும் மண்ணும் வாங்கிப்போனவர்கள் யார் யார் என்று யோசித்து, உடனே அவர்கள் கதவைத் தட்டுங்கள்.