கைவேலையும் கல்வியே

“கைவேலை எதற்கு? பாடத்தைப் படி” எனப் பிள்ளைகளை அதட்டும் பெற்றோர் நம்மிடையே பலர். சுபாங் ஜெயா, சீபீல்ட் ரப்பர் தோட்ட நிலத்தில் 1976-இல் உருவாகத் தொடங்கிய நகரம். தோட்டக் கூலி வாழ்விலிருந்து மீண்டோருக்கு அவ்வச்சம் இயல்பே. ஆயினும் கூலி வேறு, கைத்திறன் வேறு.

1930-களில் அமெரிக்கர்கள் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கண்ணீர்த்துளி வடிவ இழுவை வண்டியைக் காண்க. கார் இழுத்துச் செல்லும் சிறு பலகைக் கூண்டு அது. உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுக்களை. நம் கூண்டு வண்டிக்குத் தம்பி எனலாம்.

காட்டுப் பாதைக்கெனில் வலிய அச்சும் தரையிலிருந்து நல்ல உயரமும் வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 600 கிலோ வண்டிக்கு 60 முதல் 90 கிலோ. குறைந்தால், வேகத்தில் வண்டி பக்கவாட்டில் அலைபாயும். சாலையில் இறக்கச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் தேவை.

விழுக்காட்டில் தடுமாறும் மாணவனிடம் ஒரு மாதிரி வண்டியைக் கொடுத்துப் பாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள், கணக்கு விளங்கும். பெற்றோர்களே, பிள்ளையின் கையிலுள்ள சுத்தியலைப் பறிக்காதீர்கள். அளவுகோலையும் சேர்த்துக் கொடுங்கள்.