பதினஞ்சுக்கும் ஐம்பதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட வண்டி

போன ஞாயித்துக்கிழமை காலைல காபி கூட உள்ள இறங்கலை, பையன் செல்போனை மூஞ்சிக்கு நேரா நீட்டினான். ஜப்பான்ல யாரோ ஒரு புண்ணியவான் 1987ம் வருஷத்து சுசுகி ஆல்டோ வொர்க்ஸை நேத்துதான் ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி வெச்சிருக்கார். செவப்புக் கலர். பானெட்டுக்குள்ள ஒரு குட்டி டர்போ. மனுஷன் கதவை மூடுற விதத்துலயே தெரியுது, பச்சைக் குழந்தையைத் தூளியில போடற பதவிசு.

"அப்பா, இது நம்ம வண்டி மாதிரியே இருக்கே?"

மாதிரியா? டேய், பங்காளிடா!

மக்களே, இதைக் கொஞ்சம் விளக்கிடறேன். நம்ம ஊர்ல 1986ல வந்த மாருதி 800, 1984ல ஜப்பான்ல வந்த ரெண்டாம் தலைமுறை ஆல்டோவோட கூட்டுல செஞ்சது. அதே கூட்டுலதான் 1987ல சுசுகிக்காரன் 543 சிசி மூணு சிலிண்டர் எஞ்சினை வெச்சு, அதுக்கு டர்போவும் மாட்டி, 64 குதிரைசக்தியைப் பிழிஞ்சு ஆல்டோ வொர்க்ஸ்னு விட்டான். அவ்வளவு சின்ன வண்டிக்கு இவ்வளவு சக்தியான்னு ஜப்பான்ல எல்லாரும் பயந்துபோய், இனி இந்த வகைக் குட்டி வண்டிங்க யாரும் 64ஐத் தாண்டக்கூடாதுன்னு கம்பெனிகளே தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டாங்க. நமக்கு வந்தது 796 சிசி, டர்போ கிடையாது, நாற்பது குதிரைக்கும் குறைவு. ஆனா எஞ்சினும் அதே எஃப் வரிசைதான். அங்கே மூணு கதவு, இங்கே அஞ்சு கதவு. அண்ணன் கராத்தே கத்துக்கிட்டான், தம்பி குடும்பத்தைப் பார்த்துக்கிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தம்பிதான் லிங்கராஜபுரத்துல எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தூணுக்குப் பின்னாடி நிக்கறார். வயசு நாற்பது. அவரைத் தூக்கணும்னு அசோசியேஷன்ல இருந்து கடுதாசி வந்திருக்கு. "உபயோகமற்ற பழைய வாகனங்கள்"னு போட்டு எங்க பிளாட் நம்பர். எதிர் பிளாட் நண்பர் லிஃப்ட்ல பார்க்கும்போதெல்லாம் "குஜரிகெ ஹாக்கி சார்"ங்கறார். பழைய இரும்புக்குப் போடணுமாம். தங்கமணிக்கும் அதே அபிப்ராயம்தான், ஆனா அதை வெளியாள் சொன்னா கோவம் வருது. அந்தக் கோவத்தை நம்பித்தான் இந்தக் கட்டுரையையே எழுதறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க. அப்பாவுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக்கொலுசு வியாபாரம். 1986 டிசம்பர்ல அறுபதாயிரத்துச் சொச்சம் குடுத்து எடுத்தார். அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல கார்னா அம்பாசடர், இல்லைன்னா பிரீமியர் பத்மினி, ரெண்டுக்கும் வருஷக்கணக்குல காத்திருக்கணும். மாருதி 1983ல முன்பதிவு ஆரம்பிச்சப்ப லட்சத்துக்கு மேல பேர் பணம் கட்டினாங்கன்னா, ஜனங்க எவ்வளவு காஞ்சு போயிருந்திருப்பாங்கன்னு பாருங்க. வியாபாரத்துக்குப் போனது, தங்கச்சி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி ஓடினது, எனக்கு வங்கி வேலை கிடைச்சதும் மாரியம்மன் கோயிலுக்குப் போனது, எல்லாம் இதுலதான். 2012ல அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பிச்சதும் என் கையில சாவி வந்தது. நான் அதுக்கு முந்தின வருஷமே பெங்களூருக்கு மாத்தலாகி வந்துட்டேன்.

இங்கே ஒண்ணு சொல்லணும். தமிழ்நாட்டுல இருந்து வந்து குடியேறின ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிஞ்ச கதை இது. வேற மாநிலத்துல பன்னிரண்டு மாசத்துக்கு மேல வண்டியை வெச்சிருந்தா அங்கே மறுபதிவு செய்யணும்ங்கறது சட்டம். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, எல்லாம் செஞ்சேன். நாலு தடவை லீவு போட வெச்சாங்க. அது கூடப் பரவாயில்லை. அந்தப் பழைய மூணெழுத்து நம்பர் பிளேட் போச்சு. புது கேஏ நம்பரை போன்ல சொன்னப்ப, அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "சரி, வண்டி ஓடுதில்ல"ன்னு மட்டும் சொன்னார். ஊரை விட்டு வந்தவங்களுக்கு இதை விரிச்சுச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். என் சண்டை எதிர் பிளாட்காரரோட இல்லை. வண்டியோட யோக்கியதையைப் பிறந்த தேதியை வெச்சு முடிவு பண்ற புத்தியோடதான்.

கணக்கைப் பாருங்க. 2021ல நான் பதிவைப் புதுப்பிச்சப்ப அரசாங்கக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல இருந்து பதினஞ்சு வயசு தாண்டின காருக்கு 5,000. 2025 ஆகஸ்ட்ல, இருபது வயசைத் தாண்டினதுக்கு 10,000. இந்த டிசம்பர்ல நான் அதைக் கட்டணும். வருமானவரிக் கணக்குல காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதற முறைப்படி, அறுபதாயிரத்துக்கு நாற்பது வருஷம் போட்டுப் பார்த்தேன் (பி.காம் படிச்சவனுக்கு வேற என்ன வேலை). இன்னைக்கு என் வண்டியோட புத்தக மதிப்பு தொண்ணூறு ரூபாய். பெங்களூர்ல ஒரு லிட்டர் பெட்ரோல் கூட வராது. தொண்ணூறு ரூபாய்ச் சொத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க் கட்டணம்!

அதுவும் போகட்டும். 2021லயே விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி போட்டாங்க. ஐம்பது வருஷம் ஆன, அசல் நிலை மாறாத வண்டிக்கு விஏன்னு தனி வரிசை நம்பர், பத்து வருஷத்துக்குப் பதிவு. தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் மட்டும்தான். நல்ல விதிதான். ஆனா இதால யாருக்கு லாபம்? ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நல்ல கார் யார்கிட்ட இருந்தது? ஜமீன்தார்கிட்டயும் எஸ்டேட் முதலாளிகிட்டயும் இருந்தது. அவங்க வண்டி பாரம்பரியம். கொலுசு வியாபாரியும் ஹெட்கிளார்க்கும் முதன்முதலா கார் வாங்கினது எண்பதுகள்ல. அவங்க வண்டி கழிவு. பதினஞ்சு வயசுல கிழம்னு சொல்லிட்டு, ஐம்பது வயசுலதான் மரியாதைன்னா, நடுவுல முப்பத்தஞ்சு வருஷம் அது எங்கே போய் உயிரைக் காப்பாத்திக்கும்? ரூம் போட்டு யோசிச்சிருப்பாங்க போல.

ஜெர்மனியில முப்பது வருஷம் ஆன வண்டியை ஆய்வாளர் பார்த்து, அசல் நிலையில நல்லா பராமரிச்சிருக்குன்னு சான்று குடுத்தா, நம்பர் கடைசியில ஹெச்னு ஒரு எழுத்து சேர்த்து வரிச் சலுகையும் தர்றாங்க. பிரிட்டன்ல நாற்பது வருஷம் தாண்டினா வாகன வரியே கிடையாது. அமெரிக்காவுல இருபத்தஞ்சு வருஷம் ஆனா இறக்குமதிக் கெடுபிடி தளருது, அதனாலதான் அந்தச் செவப்பு வொர்க்ஸ் மாதிரி வண்டிங்க கப்பல் ஏறிப் போகுது. எல்லா ஊரும் இப்படின்னு கதை விட மாட்டேன். ஜப்பான்லயே பதிமூணு வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு வரி ஏத்தத்தான் செய்யறாங்க. ஆனா என் கண்ணுல பட்டது அந்த ஜெர்மன்காரன் கேக்கற கேள்வி. "எத்தனை வயசு"ன்னு மட்டும் கேக்காம "எப்படி வெச்சிருக்கே"ன்னும் கேக்கறான்.

டர்போ பத்திப் பேசாம எண்பதுகளைப் பேச முடியாது. எஞ்சின்ல இருந்து வீணாப் போற சூட்டுப் புகையை வெச்சு ஒரு விசிறியைச் சுத்த விட்டா, அதே தண்டோட மறுமுனையில இருக்கற விசிறி வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும், சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலையைச் செய்யும். அந்த விசிறி நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற சமாச்சாரம். எண்பதுகளோட டர்போவுல, விரட்டி ஓட்டிட்டு வந்து சட்டுனு சாவியைத் திருப்பினா, உள்ளே நிக்கற ஆயில் வெந்து கரியாப் போயிடும், தாங்கி போயிடும். ஒரு நிமிஷமாவது எஞ்சினை ஓடவிட்டு ஆற வெக்கணும். ஆல்டோ வொர்க்ஸ், ரெனோ 5 ஜிடி டர்போ மாதிரி வண்டிங்க நல்ல நிலையில கிடைக்கறது இன்னைக்கு அபூர்வம்னா, அந்த ஒரு நிமிஷம் பொறுக்காதவங்க கிட்டதான் முக்கால்வாசி போய்ச் சேர்ந்தது. முப்பத்தஞ்சு நாற்பது வருஷம் தாங்கி நிக்கற டர்போவைப் பார்த்தா எனக்கு வேகம் தோணறதில்லை. யாரோ ஒருத்தர் தினமும் அந்த ஒரு நிமிஷம் உக்காந்திருந்தார்ங்கறதுதான் தோணுது. வாங்கற கூட்டம் அந்தப் பொறுமைக்குத்தான் விலை குடுக்குது.

எங்க அப்பாவுக்கு டர்போ கிடையாது. ஆனா அவரும் குளிர்காலத்துல சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் குரல் மாறற வரைக்கும் பத்தி கொளுத்திக்கிட்டு நிப்பார். தொப்பூர் மேட்டுல மூணாவது கியர், அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது. ஏறி முடிச்சதும் டீக்கடை, வண்டிக்கும் நமக்கும் ஓய்வு. இந்தப் பழக்கம்தான் வண்டியை வெச்சிருக்கு. இன்னைக்கும் கம்மனஹள்ளி மெயின்ரோட்டு நெரிசல்ல நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியற ஒரே வண்டி இதுதான். பன்னிரண்டு அங்குலச் சக்கரம், மெல்லிசான தூண், சுத்தியும் கண்ணாடி. ஃபிளைஓவருக்குக் கீழ இருக்கற சந்துல திருப்பிக் காட்டட்டும் உங்க எஸ்யூவி.

புகை பத்திக் கேப்பீங்க. நியாயமான கேள்வி. கார்புரேட்டர் வண்டி, வினையூக்கி மாற்றி கிடையாது (அது நம்ம பெருநகரங்கள்ல புது வண்டிக்கு வந்ததே 1995லதான்). ஒரு கிலோமீட்டருக்குப் புது வண்டியை விட இது அதிகம் கெடுக்கும், மறுக்க மாட்டேன். டெல்லி மாதிரி மூச்சுத் திணறற ஊர்ல இது பெரிய விஷயம்னும் தெரியும். ஆனா நான் வருஷத்துக்கு ஓட்டறது ரெண்டு சேலம் ட்ரிப், சில ஞாயித்துக்கிழமை. அதையும் தினம் எழுபது கிலோமீட்டர் ஓடற வண்டியையும் ஒரே தராசுல எப்படி வெப்பீங்க? குழாயில கருவியை விட்டுப் பாருங்க, மீட்டரைப் பாருங்க, அதுக்கு ஏத்த மாதிரி வசூல் பண்ணுங்க. தேறலைன்னா நானே கொண்டுபோய் நொறுக்கக் குடுக்கறேன்.

அதுக்கு நடுவுல இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேற. பழைய ரப்பர் குழாயை அது தின்னுடும். கார்புரேட்டர் வண்டிக்குத் தானா கலவையைச் சரிபண்ணிக்கற மூளையும் கிடையாது. எனக்கு ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் மாத்தியாச்சு. இங்கே சிவாஜிநகர்ல கிடைக்கலை, சென்னை புதுப்பேட்டையில மச்சான் தேடிப் பிடிச்சு பஸ்ல போட்டுவிட்டான்.

இன்னொரு விஷயம், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. வண்டியை நொறுக்கக் குடுத்தா, புது வண்டி விலையில 4லிருந்து 6 சதவீதம் பழசுக்கு மதிப்பு, புதுசு வாங்கினா சாலை வரியில 25 சதவீதம் வரைக்கும் தள்ளுபடின்னு கொள்கையிலயே இருக்கு. கவனிச்சீங்களா, சலுகையில பெரும்பகுதி நொறுக்கறதுக்கு இல்லை, புதுசு வாங்கறதுக்கு. எங்க கிளையில தினம் வர்ற பசங்களைப் பார்க்கறேன். டர்போன்னு ஸ்டிக்கர் ஒட்டின பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு ஏழு வருஷக் கடன். 9 சதவீதம்னா மாசம் 16,089, மொத்தம் பதிமூன்றரை லட்சம். கடன் முடியறப்ப அதே தேய்மானக் கணக்குல வண்டி மூணு லட்சத்துச் சொச்சம். கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது அடியேன்தான், அதனால பெரிசா உத்தமன் வேஷம் போட முடியாது. ஆனா அந்தப் பையன் என்னைப் பார்த்து "சார், இன்னும் அந்த டப்பாவையா வெச்சிருக்கீங்க"ன்னு கேக்கும்போது வாய் வரைக்கும் வந்துடும்.

1983 டிசம்பர் 14ம் தேதி இந்திரா காந்தி கையால முதல் மாருதியோட சாவியை வாங்கினவர் டெல்லி ஹர்பால் சிங். 2010ல அவர் காலமாகற வரைக்கும் அதையேதான் வெச்சிருந்தார். அப்புறம் அந்த வண்டி வீட்டு வாசல்ல வெயில்லயும் மழையிலயும் துருப்பிடிச்சு நின்னது. படங்கள் வெளியாகி ஊரே உச்சுக்கொட்டின பிறகு கம்பெனியே எடுத்துப் புதுப்பிச்சு, இப்போ தலைமை அலுவலகத்துல காட்சிக்கு வெச்சிருக்காங்க. நல்ல காரியம். ஆனா 26 லட்சத்துக்கும் மேல இந்தியாவுல வித்த வண்டி, 2014 ஜனவரியில தயாரிப்பை நிறுத்தினது. கண்ணாடிக்குப் பின்னாடி ஒண்ணு இருந்தாப் போதுமா? அது ரோட்டுல ஓடறதுக்குப் பொறந்த ஜந்து இல்லையா?

அசோசியேஷனுக்குப் பதில் எழுதிட்டேன். ஆர்சி நகல், இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணையும் இணைச்சு, "உபயோகமற்ற" என்ற சொல்லை நீக்கும்படிக் கேட்டிருக்கேன். பத்தாயிரத்தைத் தனியா எடுத்தும் வெச்சாச்சு. 2031ல இன்னொரு தடவை கட்டணும். 2036 டிசம்பர் வந்தா ஐம்பது முடிஞ்சு விண்டேஜ் ஆயிடும், அப்போ பையனுக்கு இருபத்தஞ்சு வயசு, நான் ரிட்டயர்மென்ட் பக்கத்துல. அப்புறம் ஓட்டவும் விட மாட்டாங்க, பேரணிக்கு மட்டும்தான். அதனால இருக்கற பத்து வருஷத்துல இவனுக்கு இதுலயே ஓட்டக் கத்துக்குடுத்துடணும்னு இருக்கேன்.

சாயங்காலம் அப்பா போன் பண்ணினார். சாப்பிட்டியான்னு கேக்கலை. "ஸ்டார்ட் பண்ணினியாடா?"

பையன் போனை வாங்கி, பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய், சோக்கை இழுத்து, அந்த மூணு சிலிண்டர் சத்தத்தைச் சேலத்துக்குக் கேக்க வெச்சான். தூணுக்கு அந்தப் பக்கம் எதிர் பிளாட்காரர் தன்னோட வண்டியைத் துடைச்சுக்கிட்டே நின்னு பார்த்துக்கிட்டிருந்தார்.